கணக்கு நோட்டு யார் கையில்?

(நாகர்கோவிலில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நகர்ப்புற ஏழ்மை என்ற பேச்சு எழுந்தால் கூவம் கரைக் குடிசைகளும் மும்பையின் தாராவியும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. குமரி மாவட்டத்துக்காரருக்கு அது எங்கோ வடக்கே நடக்கும் சங்கதி. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினால் வேறொரு படம் தெரியும். அன்று மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறவாசிகள். தமிழ்நாட்டில் சென்னையை விட்டால் இவ்வளவு நகர்மயமான மாவட்டம் அன்று வேறு இருக்கவில்லை. இன்று ஒரு மாநகராட்சி, சில நகராட்சிகள், ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள். தோப்பு, வீடு, கடை, மறுபடியும் தோப்பு என்று சாலை நீண்டுகொண்டே போவதால், நகரத்துக்குள் இருக்கிறோம் என்ற எண்ணமே இங்கு யாருக்கும் வருவதில்லை.

ஏழ்மையும் அப்படியே சிதறிக் கிடக்கிறது. ஒரு விளையின் கோடியில் கொஞ்சம் வீடுகள், சானல் கரையில் கொஞ்சம், சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து, கடற்கரையில் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்கள். எங்கும் குவியாததால் யார் கண்ணிலும் படுவதில்லை. எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. 2011-இல் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அதே மாவட்டத்தில், மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் அடுப்படிக்குள் ஏறும் வீடுகளும் இருக்கின்றன. இந்தத் தெருக்களை எப்படி மீட்டெடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

அரசு பணம் ஒதுக்க வேண்டும், அதிகாரிகள் வேலை செய்ய வேண்டும், மக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஒத்துழைப்பு என்றால் என்ன என்ற இடத்தில்தான் சிக்கல். பெரும்பாலான திட்டங்களில் மக்களின் பங்கு மூன்றே வேலைகளில் அடங்கிவிடுகிறது: கூட்டத்துக்கு வருவது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவது, திறப்பு விழாவில் கைதட்டுவது. எதைக் கட்டுவது என்ற முடிவிலும், எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கிலும் அவர்களுக்கு இடம் இல்லை. உண்மையிலேயே மீண்டெழுந்த குடியிருப்புகளின் கதையைப் பார்த்தால், அங்கெல்லாம் இந்த இரண்டும் தெருக்காரர்கள் கைக்கு வந்திருக்கின்றன. கணக்கு நோட்டு யார் கையில் இருந்தது என்று கேட்டாலே திட்டத்தின் தலைவிதியைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கல்மந்தை

முதல் சான்று திருச்சிராப்பள்ளியில் இருக்கிறது. கல்மந்தை என்பது அந்நகரின் ஒரு குடிசைப் பகுதி. வீட்டுக்குள் கழிப்பறை கட்ட இடம் இல்லாத நெரிசல். மாநகராட்சி கட்டிக் கொடுத்த பொதுக் கழிப்பறைகள் திருச்சியில் அப்போதும் இருந்தன. ஆனால் தண்ணீர் வராது, விளக்கு எரியாது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. பெண்கள் விடியும் முன்போ இருட்டிய பிறகோ வெட்டவெளிக்குப் போனார்கள். பகலில் வயிற்றைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி, 1987-இல் தொடங்கப்பட்ட கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் வாட்டர்எய்டு அமைப்பின் துணையோடு ஒரு வேலையைக் கையிலெடுத்தது. மாநகராட்சியிடம் பேசி, கழிப்பறைகளை நடத்தும் பொறுப்பை அந்தந்தப் பகுதிப் பெண்களிடமே ஒப்படைக்கச் செய்தது. ஏற்கெனவே சேமிப்புக்காகக் கூடிய சுய உதவிக் குழுப் பெண்களிலிருந்து ‘ஷீ’ குழுக்கள் உருவாயின. சுகாதாரம், தூய்மை, கல்வி ஆகிய சொற்களின் ஆங்கிலச் சுருக்கம் அது. ஒரு தடவைக்கு ஐம்பது பைசா கட்டணம். சிறுவர்களுக்கும் முதியோருக்கும் இலவசம்.

அந்தக் கழிப்பறை நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. வாசலில் ஒரு மேசை. குழுவிலிருந்து முறை வைத்து ஒரு பெண் அங்கே உட்காருவார். காசை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பார். முறை முடியும்போது டோக்கனையும் காசையும் ஒப்பிட்டு நோட்டில் எழுதி, அடுத்தவரிடம் ஒப்படைப்பார். அந்தப் பணத்திலிருந்துதான் துப்புரவாளர் சம்பளம், சோப்பு, பிளீச்சிங் பவுடர், கரண்ட் பில், குழாய் ரிப்பேர் எல்லாம். மிஞ்சியது வங்கிக்குப் போகும். மாதக் கூட்டத்தில் வரவு செலவை வாசிப்பார்கள். ஒரு மாதம் வரவு குறைந்தால் ஏன் என்ற கேள்வி அங்கேயே எழும். மோட்டார் பழுதாகி இரண்டு நாள் தண்ணீர் இல்லை என்ற பதிலும் அங்கேயே கிடைக்கும். மோட்டாரைச் சரிசெய்யும் முடிவும் அங்கேயே எடுக்கப்படும். மாநகராட்சி அலுவலகத்துக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வேலை இல்லை.

2002-இல் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கமே இல்லாத குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அப்படிப் பெயர் பெற்ற முதல் பகுதி அதுதான். தூய்மை இந்தியா இயக்கம் பிறக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. அதன் பிறகு ஷீ குழுக்கள் நகரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவின. சேர்ந்த பணத்தில் சாக்கடையைச் சீர்செய்த குழுக்கள் உண்டு; சமுதாயக் கூடத்துக்குச் செலவிட்டவை உண்டு. 2016-இல் 73 நகரங்களை வைத்து மத்திய அரசு நடத்திய தூய்மைக் கணக்கெடுப்பில் திருச்சி மூன்றாம் இடம் பெற்றது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மேசை முன் உட்கார்ந்து நோட்டு எழுதிய பெண்களின் உழைப்பும் அவற்றில் ஒன்று. கிராமாலயாவின் நிறுவனர் எஸ். தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. ஐம்பது பைசா சின்னத் தொகைதான். ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு தடவை என்று வைத்தால் மாதம் 150 ரூபாய். அன்றைய கூலிக்கு அது கனமான தொகை. சொந்தக் கழிப்பறை உள்ள வீட்டுக்காரர் தராத காசை, இல்லாதவர் தினமும் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்னொன்று, மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு பெண்களின் கூலியில்லா உழைப்பு. சமையல், பிள்ளை, கூலிவேலை எல்லாவற்றுக்கும் மேலே இது இன்னொரு சுமை. கல்மந்தையைப் பின்பற்ற நினைப்பவர்கள் முதல் நாளிலேயே இந்த இரண்டுக்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

ஆலப்புழையின் ஒன்பது கேள்விகள்

அடுத்த சான்று நாஞ்சில் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. 1956 வரை நாகர்கோவிலோடு ஒரே ஆட்சியின் கீழ் சேர்ந்திருந்த ஊர் ஆலப்புழை. 1990களின் தொடக்கத்தில் அங்கே யுனிசெஃப் துணையோடு நகர்ப்புற ஏழைகளுக்கான திட்டம் ஒன்று வந்தது. யார் ஏழை என்பதை வருமானச் சான்றிதழ் வைத்துத் தீர்மானிப்பதுதான் வழக்கம். அந்தச் சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆலப்புழையில் அதை விட்டுவிட்டு ஒன்பது கேள்விகளை வைத்தார்கள். வீடு ஓலையும் மண்ணுமா? கழிப்பறை உண்டா? பக்கத்தில் குடிநீர் கிடைக்கிறதா? சம்பாதிப்பவர் ஒருவர் மட்டுமா, அவரும் இல்லையா? எழுத்தறியாத பெரியவர் உண்டா? ஐந்து வயதுக்குள் குழந்தை உண்டா? நாளுக்கு இரண்டு வேளைக்கு மேல் சாப்பாடு உண்டா? குடிக்கு அடிமையானவர் வீட்டில் இருக்கிறாரா? பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பமா? இவற்றில் நான்கின் விடை நெருக்கடியைக் காட்டினால் அது உதவி தேவைப்படும் குடும்பம்.

இந்தக் கேள்விகளின் பலம், அவற்றைக் கேட்கவும் சரிபார்க்கவும் பக்கத்து வீட்டுப் பெண்ணால் முடியும் என்பதுதான். கூரையையும் குடத்தையும் அடுப்பையும் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். பொய் சொல்லிப் பட்டியலில் சேரவும் முடியாது, சிபாரிசு இல்லை என்று விடுபடவும் முடியாது. வீட்டுக்கு ஒரு பெண் என்று பதினைந்து முதல் நாற்பது குடும்பங்கள் சேர்ந்து அயல்கூட்டம் ஆயின. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஐந்து தன்னார்வலர்கள். ஒருவர் உடல்நலம் பார்ப்பார், ஒருவர் வருமான வழி பார்ப்பார், ஒருவர் தெருவும் தண்ணீரும் பார்ப்பார். அயல்கூட்டங்கள் சேர்ந்து வார்டு அளவில் ஒரு சங்கம், வார்டுச் சங்கங்கள் சேர்ந்து நகர அளவில் ஒரு சங்கம். எந்தத் தெருவுக்கு எது முதலில் வேண்டும் என்ற பட்டியல் கீழிருந்து மேலே போனது.

அந்த விதையிலிருந்து முளைத்ததுதான் கேரளத்தின் குடும்பஸ்ரீ. 1998 மே 17 அன்று மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்த அந்த இயக்கத்தில் இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

ஆலப்புழை அதோடு நின்றுவிடவில்லை. நகரத்தின் குப்பை முழுவதும் பக்கத்திலுள்ள சர்வோதயபுரம் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் 2012-இல் லாரிகளை மறித்தார்கள். கொட்ட இடம் இல்லாமல் குப்பை தெருவில் குவிந்தது. அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் தாமஸ் ஐசக்கும் நகராட்சியும் சேர்ந்து, ‘தூய வீடு, தூய நகரம்’ என்ற பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டிலேயே உரக்குழாய், சிறு எரிவாயுக் கலம். வீட்டில் இடம் இல்லாதவர்களுக்குத் தெருமுனையில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டி. எந்தத் தெருவில் எந்த முறை என்பதை வீடுவீடாகப் போய்ப் பேசி முடிவு செய்தார்கள். 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையைச் சமாளிப்பதில் முன்மாதிரியான ஐந்து நகரங்களை எடுத்துக்காட்டியபோது ஒசாகா, பினாங்கு போன்றவற்றோடு ஆலப்புழையின் பெயரும் இருந்தது.

அரசு செய்ய வேண்டியது அரசுதான் செய்ய வேண்டும்

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லாவற்றையும் மக்களே செய்துகொள்வதென்றால் வரி எதற்கு, மாநகராட்சி எதற்கு? நியாயமான கேள்வி. நல்ல சான்றுகள் எல்லாமே இரு தரப்பின் வேலையைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றன.

கராச்சியின் ஒராங்கி, நகரின் ஓரத்தில் அனுமதியில்லாமல் வளர்ந்த பெருங்குடியிருப்பு. 1980-இல் அக்தர் ஹமீத் கான் அங்கே வேலையைத் தொடங்கினார். இருபது முப்பது வீடுகள் உள்ள சந்துதான் அவர் எடுத்துக்கொண்ட அலகு. ஒரு சந்து தன் பொறுப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கும். அளவெடுப்பதும் மதிப்பீடு போடுவதும் அவருடைய அமைப்பின் வேலை. பணம் திரட்டிக் குழாய் பதிப்பது சந்துக்காரர்களின் வேலை. காண்ட்ராக்டர் இல்லாததால் செலவு பல மடங்கு குறைந்தது. ஆனால் சந்துகளின் கழிவு வந்து சேரும் பெரிய கால்வாயையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் எந்தச் சந்தாலும் கட்ட முடியாது. அது அரசின் பொறுப்பு என்பதில் ஒராங்கிக்காரர்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அகமதாபாத் இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. 1990களின் நடுவில் பரிவர்த்தன் என்ற திட்டம் சஞ்சய் நகர் என்ற சிறு குடியிருப்பில் தொடங்கியது. தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, நடைபாதை எல்லாம் வீட்டுவாசலுக்கு வரும். குடும்பத்துக்கு 2,000 ரூபாய் பங்கு. பெண்களின் கூட்டுறவான சேவா வங்கி அதைச் சேமிப்பாகவும் கடனாகவும் திரட்ட உதவியது. மக்கள் தயங்கியது பணத்துக்காக மட்டும் இல்லை. நாளைக்கே இடித்துத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம்தான் பெரிது. பத்து ஆண்டுகளுக்கு வெளியேற்ற மாட்டோம் என்று மாநகராட்சி எழுதிக் கொடுத்தது. தெருவில் சாக்கடை வந்ததும், யாரும் சொல்லாமலே வீடுகளுக்குச் சுவரும் மாடியும் எழுந்தன. காலடி நிலம் உறுதியானால் ஏழைக் குடும்பம் தன் வீட்டில் தானே முதலீடு செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இலங்கையில் 1984-இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டம் மற்றொரு வழியைக் காட்டியது. கொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் ஏழைக் குடியிருப்புகளில் மக்கள் சமுதாய அபிவிருத்திச் சபை அமைத்தார்கள். கிணறு, கழிப்பறை, சிறு வடிகால் போன்ற வேலைகளுக்கான ஒப்பந்தம் வெளி ஒப்பந்தக்காரரிடம் போகாமல் அந்தச் சபைக்கே கிடைத்தது. கூலியும் அங்கேயே தங்கியது, வேலையின் தரத்தைப் பார்க்கும் கண்ணும் அங்கேயே இருந்தது.

தமிழ்நாடு வந்த பாதையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. மறு ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு என்பது அன்றைய கனவு. பின்னாளில் காற்று மாறியது. 2000-ஆம் ஆண்டு முதல் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து குடும்பங்களைத் தூக்கிக் கண்ணகி நகரில் வைத்தார்கள். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே இடத்தில். வீட்டுவேலை, சுமைவேலை, மீன் விற்பனை என்று நகருக்குள் பிழைத்தவர்களுக்கு வீடு கிடைத்தது, வேலை தூரமானது. எங்கே வீடு வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை. 2021-இல் வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதே காலத்தில் வந்த ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம், குடியிருப்போர் நலச்சங்கம் பராமரிப்புக்குத் திரட்டும் தொகைக்கு இணையாக அரசும் தரும் என்று சொல்கிறது. காலம் கடந்து வந்தாலும் சரியான திசை.

குமரிக்கு இது புதிதில்லை

ஊர் கூடி வரி போட்டுக் கணக்கு வாசிப்பதை நாஞ்சில் நாட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோவில் கொடை என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்வரி. வெளிநாட்டில் இருப்பவரும் அனுப்பிவிடுவார். கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் பைசா பாக்கியில்லாமல் வரவு செலவு வாசிக்கப்படும். ஒரு வரவு விட்டுப்போனால் எழுந்து கேட்க ஆள் உண்டு. கடற்கரை ஊர்களில் ஊர்க் கமிட்டியும் பங்குப் பேரவையும் இருக்கின்றன. கத்தோலிக்கப் பங்குகளில் சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியங்கள் தெருத்தெருவாக இயங்குகின்றன. ஆலப்புழையிலும் ஒராங்கியிலும் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய அமைப்பு இங்கே ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

அந்தப் பழக்கத்தைப் பிழைப்புக்கும் பயன்படுத்திக் காட்டியவர்கள் இந்த மாவட்டத்து மீனவர்கள். கடன் கொடுத்த இடைத்தரகரே கரையில் மீனை ஏலம் விட்ட காலம் அது. விலை அவர் சொன்னதுதான். 1970களில் கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் முயற்சியில் மீனவர் சங்கங்கள் தோன்றின. ஏலம் சங்கத்தின் கைக்கு வந்தது. விற்ற பணத்தில் ஒரு பகுதி கடன் தவணைக்கு, ஒரு பகுதி சேமிப்புக்கு, மீதி மீனவருக்கு என்று நோட்டில் எழுதப்பட்டது. குமரி, திருவனந்தபுரம் கரைகளின் இப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது சிஃப்ஸ், உருவானது. முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே, மீனவர்களைக் கூடவே வைத்துக்கொண்டு சிறு படகுகளை வடிவமைத்ததும் இந்தக் காலத்தில்தான். கரைக்கு வந்த படகில் என்ன குறை என்று அலையில் ஓட்டியவர் சொல்ல, அடுத்த படகு அதற்கேற்ப மாறியது.

2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளைச் சூறையாடியது. நாகப்பட்டினக் கரையும் பெரும் அழிவைக் கண்டது. அப்போது சிஃப்ஸ் கிழக்குக் கரைக்குப் போய்த் தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வீடு கட்டும் பொறுப்பை ஏற்றது. பல இடங்களில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக எழுந்தன. மரங்களை வெட்டி நிலத்தைச் சமதளமாக்கிவிட்டு வீடு கட்டினார்கள். கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் துணையோடு சிஃப்ஸ் அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியது. வாசல் எந்தப் பக்கம், சமையலறை எங்கே, எந்த மரத்தை விட வேண்டும் என்பதில் வீட்டுக்காரர் சொல்லுக்கு இடம் இருந்தது. குமரிக் கரையின் சங்க அனுபவம் தமிழ்நாட்டின் இன்னொரு கரைக்கு உதவியது; அதைக் குமரிக்காரர்கள் பெருமையாகவே சொல்லலாம்.

ஊர் என்றால் யார்?

இவ்வளவு பலம் இருந்தும் சானல் கரைத் தெரு ஏன் அப்படியே கிடக்கிறது? இங்கேதான் ஒரு கசப்பான உண்மையைப் பேசியாக வேண்டும். நாஞ்சில் நாட்டில் ஊர் என்பது பெரும்பாலும் ஒரு சாதியின் ஊர், அல்லது ஒரு மதத்தின் ஊர். வரி கட்டுகிறவர் ஆண். கணக்கு வாசிக்கிறவரும் ஆண். கேள்வி கேட்கிறவரும் ஆண். மூன்று சமுதாயத்தார் வசிக்கும் ஒரு வார்டில் மூன்று ஊர் இருக்கும், மூன்று கணக்கு இருக்கும். அந்த மூன்றின் நடுவே ஓடும் சாக்கடைக்கு ஊரே கிடையாது. கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் குறைவில்லாமல் சேரும் பணமும் அக்கறையும் பொது ஓடையின் விளிம்பில் நின்றுவிடுகின்றன. 1982-இல் மண்டைக்காட்டில் மதக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. அந்தப் பிளவின் தழும்பு, பொதுவேலைக்காகச் சேர்ந்து உட்காரும் இடங்களில் இன்னும் தெரிகிறது.

இந்தச் சாதி, மதச் சுவரைத் தாண்டிய முன்னோடியும் இந்த மண்ணிலேயே இருக்கிறார். பொதுக் கிணற்றில் நீர் எடுக்கச் சாதி பார்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், அய்யா வைகுண்டர் சாமிதோப்பில் எல்லோரும் குளிக்கவும் குடிக்கவும் ஒரே கிணற்றை வைத்தார். முத்திரிக் கிணறு என்று இன்றும் மக்கள் அழைப்பது அதைத்தான். வாகைப்பதியில் நடந்த துவையல் பந்தியில் சுமார் 700 குடும்பங்கள் ஒன்றாகத் தங்கி, துவைத்து உடுத்தி, சேர்ந்து உண்டன என்பது அய்யாவழி மரபு. ஆன்மிகச் செய்தியாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். தண்ணீர், துப்புரவு, சேர்ந்து வாழும் ஒழுங்கு மூன்றையும் ஒன்றாக்கிய சமூக வேலையாகவும் அது இருந்தது.

கல்மந்தைப் பெண்களும் ஆலப்புழை அயல்கூட்டத்தாரும் செய்த மாற்றத்தின் உட்கருவும் இதுவே. அடுத்தடுத்த வீடுகள் என்ற ஒரே தகுதியில் அவர்கள் கூடினார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள், ஒரே சாக்கடையைத் தாண்டி நடப்பவர்கள். பெண்கள் கூடியதால் அது எளிதாயிற்று. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் தினமும் அலைந்தது அவர்கள்தான், ஊர்க்கூட்டத்தில் இடமில்லாமல் இருந்ததும் அவர்கள்தான். குமரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. கடன் வாங்கித் திருப்புவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது என்பதுதான் குறை.

ஏரியா சபையில் கேட்க வேண்டியவை

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. 52 வார்டுகள். நகரின் கழிவுநீர் சானல்களிலும் பழையாற்றிலும் கலந்து மணக்குடிக் காயலில் போய்ச் சேர்கிறது. நகரத்து ஏழைத் தெருவில் தேங்கும் சாக்கடையும் காயலோரத்து மீனவரின் வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கும் ஒரே நீர்வழியின் இரு முனைகள். வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தபோது மூச்சுத் திணறியதும் சுற்றிலும் உள்ள எளிய குடும்பங்கள்தான். ஒரு வார்டு மட்டும் தன் தெருவைப் பெருக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இதைப் பேசச் சட்டம் ஓர் இடம் தந்திருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரங்களில் வார்டு குழுக்களுக்கு வழி செய்தது. தமிழ்நாட்டில் அது உயிர்பெற வெகுகாலம் ஆனது. 2022 நவம்பர் 1 அன்றுதான் மாநிலம் முழுக்க நகரங்களில் ஏரியா சபைகள் முதன்முறையாகக் கூடின. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் நவம்பர் 1 தான். ஏரியா சபை என்பது கிராம சபையைப் போல நகரவாசிக்குக் கிடைத்த மன்றம். கவுன்சிலர் தலைமையில் அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடலாம், கேட்கலாம், பரிந்துரைக்கலாம். ஆனால் அங்கே வருவோர் எண்ணிக்கை குறைவு. வருகிறவர்களும் தெருவிளக்குப் புகார் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அடுத்த ஏரியா சபைக்கு ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பெண்களாவது போக வேண்டும். கையில் ஒரு வரைபடத்தோடு போக வேண்டும். எந்த வீட்டுக் கழிவு எந்த ஓடையில் விழுகிறது, ஓடை எங்கே அடைபடுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத் தெருக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே வரைந்துவிடலாம். கல்லூரி மாணவர்கள் உதவுவார்கள். இந்த மாவட்டத்தில் பொறியியல் கல்லூரி இல்லாத திசை இல்லை. வரைபடம் இருந்தால் புகார் கோரிக்கையாக மாறும்.

அடுத்துக் கேட்க வேண்டியது மதிப்பீடும் ஒப்பந்தமும். தெருவில் நடக்கும் எந்த வேலைக்கும் தொகை எவ்வளவு, நீளம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எப்போது முடிய வேண்டும் என்ற தாளைத் தமிழில் வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்டச் சொல்ல வேண்டும். கொத்தனார் வேலையும் கம்பி வேலையும் தெரிந்தவர்கள் அந்தத் தெருக்களிலேயே வசிக்கிறார்கள். கான்கிரீட் எவ்வளவு கனம் என்று அவர்களை ஏமாற்ற முடியாது.

பணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு போடுகிறது. வசதியுள்ள நகர்கள் இதைப் பயன்படுத்திப் பூங்காவும் கேமராவும் அமைத்துக்கொள்ளும். கூலிவேலைக் குடும்பங்கள் உள்ள தெருவால் அந்தப் பங்கைத் திரட்ட முடியாது. அரசுப் பணம் மறுபடியும் வசதியானவர் தெருவுக்கே போகும். ஏழைத் தெருக்களுக்கு அந்தப் பங்கை உழைப்பாகவோ, சுய உதவிக் குழு வழியாகத் தவணையாகவோ ஏற்க மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டு அரசைக் கேட்க வேண்டும். ஒரு வார்டில் ஊர்வரி வாங்கும் மூன்று ஊர்களும் தங்கள் வரவில் ஒரு சிறு பகுதியைப் பொது ஓடைக்கென ஒரே கணக்கில் போட முன்வந்தால், கொடைக்கும் பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் அது குறை வைக்காது. அந்தக் கணக்கை மூன்று ஊர்ப் பெண்களும் சேர்ந்து எழுதட்டும். மாதம் ஒருமுறை தெருவிலேயே வாசிக்கட்டும்.

புறம்போக்கில் வசிப்போருக்கு அகமதாபாத் செய்ததுபோல எழுத்து மூலமான உறுதி வேண்டும். சானல் கரையில் இரண்டு தலைமுறையாக வாழும் குடும்பத்திடம் பங்குத்தொகை கேட்கும் முன், அந்தக் குடும்பம் அடுத்த ஆண்டும் அங்கே இருக்குமா என்பதைச் சொல்ல வேண்டும். நீர்வழியை மீட்க இடமாற்றம் தவிர்க்க முடியாதென்றால், அதே வார்டில் அல்லது நடந்து வேலைக்குப் போகும் தூரத்தில் மாற்றிடம் தர வேண்டும். இந்தக் கோரிக்கையை அந்தக் குடும்பங்கள் தனியே போய்க் கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். தெரு முழுவதும் சேர்ந்து ஏரியா சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்தால் அது பதிவேட்டில் ஏறும். ஏறிய தீர்மானத்தை மாநகராட்சி எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இன்று இங்கே வந்திருப்பவர்களில் குடியிருப்போர் நலச்சங்கப் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள், அன்பியப் பொறுப்பாளர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் கோவில் டிரஸ்டிகளும் இருக்கிறீர்கள், சுய உதவிக் குழுத் தலைவிகளும் இருக்கிறீர்கள். அவரவர் வார்டில் ஏரியா சபை அடுத்து எந்தத் தேதியில் கூடுகிறது என்பதைக் கவுன்சிலரிடம் கேட்டு, அதைத் தெருவில் எல்லோருக்கும் தெரியப்படுத்தும் வேலையை இந்த வாரமே தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.